நாற்பத்தெட்டாவது அனிச்சை

காலைக் கஞ்சியைக் கிளறிக்கொண்டிருந்த பூங்கோதையின் கண்ணோரத்தில் பச்சை எழுத்தில் ஒரு கேள்வி வந்து நின்றது: 'குழந்தை தும்மலாமா?'

இடது கட்டைவிரலில் இருந்த மோதிரம் லேசாக அதிர்ந்தது. விரல் மடங்கி மோதிரத்தை அழுத்தியது. தொட்டிலில் கிடந்த ஏழு மாதக் குழந்தை இளவெயினி மூக்கைச் சுருக்கி ஒரு தும்மல் போட்டாள். இத்தனை பெரிய சத்தம் நம்மிடமிருந்தா வந்தது என்று அவள் மலைப்பதற்குள், 'குழந்தை திடுக்கிடலாமா?' என்று அடுத்த கேள்வி வந்துவிட்டது. விரல் அதையும் அழுத்தியது. குழந்தை கைகளை விரித்து முறைப்படி திடுக்கிட்டாள். பிறகு தன் பாட்டுக்குக் காலைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டாள். பூங்கோதை கஞ்சியை இறக்கி வைத்தாள்.

செவ்வாயில் இருக்கும் செம்மணல்துறைக்காரர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. என்றைக்கோ எரிமலைக் குழம்பு ஓடிக் காலியான குகைக்குள், தரைக்கு அடியில், அறுபத்தோராயிரம் பேர் வாழும் ஊர் அது. நூற்று நாற்பது வருடமாக அங்கே அனுமதி இல்லாமல் யாரும் தும்மியதில்லை.

உங்களுக்கும் எனக்கும் உடம்பு வேறு மாதிரி. சுடுகிற சட்டியில் விரல் பட்டால், விரல் நரம்பு அலறிக்கொண்டு முதுகுத்தண்டுக்குச் செய்தி அனுப்பும். முதுகுத்தண்டு மூளையைக் கேட்டுக்கொண்டிருக்காது. அங்கேயே அடுத்த நரம்பைக் கூப்பிட்டு, தசைக்கு உத்தரவு போட்டு, கையை இழுத்துவிடும். எல்லாம் முடிந்த பிறகுதான் மூளைக்குத் தகவல் போகும். அதன் பிறகுதான் 'ஆ' என்று கத்துவோம். மூளை என்னவோ தான்தான் கையை இழுத்ததாக நினைத்துக்கொள்ளும். வீட்டுக்கு வீடு இப்படி ஒரு பெரிய மனிதர் உண்டு. அனிச்சைச் செயல் என்பது இவ்வளவுதான்.

செம்மணல்துறையின் தொடக்க நாட்களில் இதுவே வம்பாகப் போயிற்று. குழாய் வெடித்த சத்தத்தில் திடுக்கிட்ட ஒருவரின் முழங்கை பட்டுக் காற்றுக்கதவு திறந்துகொண்டது. நான்கு பேர் மயிரிழையில் தப்பினார்கள். விசாரணையில் அவர், "கைதாங்க செஞ்சது, நான் செய்யல" என்றார். உண்மைதான். ஆனால் கையை மட்டும் எப்படிச் சிறையில் போடுவது? இதே மாதிரி வழக்குகள் வரிசை கட்டின. கடைசியில் குடியேற்றக் கழகம் ஒரு கருவி செய்தது. அதை முதுகுத்தண்டில் பொருத்தினால், அனிச்சை ஒவ்வொன்றையும் வழியிலேயே மறித்து, 'செய்யலாமா?' என்று ஆளைக் கேட்கும். தும்மலுக்கும் இருமலுக்கும் பிடரிக்குள் ஒரு கிளைக் கருவி. ஊர்க்காரர்கள் அதற்கு முதுகுப் பூட்டு என்று பெயர் வைத்தார்கள். பதில் சொல்ல வலது கட்டைவிரலில் ஒரு மோதிரம்; அதை ஒருமுறை அழுத்தினால் 'ஆகட்டும்'. இரண்டு விநாடி சும்மா இருந்தால் 'வேண்டாம்'. பட்டியலில் மொத்தம் நாற்பத்தேழு அனிச்சைகள். 'மற்ற உயிர்கள் துள்ளுகின்றன. மனிதர்கள் தீர்மானிக்கிறார்கள்' என்பதுதான் அங்கே ஒன்றாம் வகுப்புப் பாடத்தின் முதல் வரி.

பச்சைக் குழந்தை எங்கே தீர்மானிப்பது? அதனால் பிறந்த ஏழாம் நாள் உறவுக்காரர்களைக் கூப்பிட்டு, பாயசம் வைத்து, தாய் தகப்பன் இருவரில் ஒருவரின் இடது கட்டைவிரலில் 'பிள்ளை மோதிரம்' பூட்டுவார்கள். பன்னிரண்டு வயது வரை அந்தப் பிள்ளையின் தும்மலும் விக்கலும் கண் சிமிட்டலும் அவர் பொறுப்பு. ஒரு நாளைக்கு நாலாயிரம் கேள்விக்குக் குறையாது.

இளவெயினிக்கு அந்த மோதிரம் பூங்கோதையிடம் வந்ததற்குக் காரணம் அவள் கணவன் மாசிலாமணி. பனிச்சுரங்கத்தில் வேலை பார்க்கும் தங்கமான மனிதன். ஆனால் எதையும் நின்று நிதானமாகப் படித்துத்தான் பதில் சொல்வான். 'கையை இழுக்கலாமா?' என்று பூட்டு கேட்டால், சட்டியைப் பார்ப்பான், கையைப் பார்ப்பான், இழுக்கத்தான் வேண்டும் என்று முடிவுக்கு வருவான். பத்து விரலிலும் கொப்புளத் தழும்பு. அவனுக்குப் பாதித் தும்மல் வராமலே போய்விடும்; மூக்கைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். இந்த ஆளிடம் பிள்ளையின் மூச்சுக்குழாயை ஒப்படைக்க முடியுமா என்று பூங்கோதையே முந்திக்கொண்டு விரலை நீட்டிவிட்டாள்.

அன்று காலை கஞ்சி ஆறுவதற்குள் வாசலில் மணி அடித்தது. பூட்டுக் கேள்விகளுக்கு ஒழுங்காகப் பதில் போகிறதா என்று பார்க்கும் இசைவுத் துறையின் ஆய்வாளர் ஆரோக்கியமேரி நின்றுகொண்டிருந்தார். ஐம்பது வயது; இஸ்திரி கலையாத சீருடை; இடுப்பில் ஒரு கணக்குப் பெட்டி.

"ஆய்வுக்கு வந்திருக்கேன்மா. முன்கூட்டியே அறிவிப்பு அனுப்பியிருந்தோமே?"

"எனக்கு ஒண்ணும் வரலையே, மேடம்."

ஆரோக்கியமேரி பெட்டியைத் தட்டிப் பார்த்தார். "வந்திருக்கு. 'படித்தேன்'னு அழுத்தியிருக்கீங்க. போன வாரம் செவ்வாய்க்கிழமை."

பூங்கோதைக்கு அப்படி ஒன்று வந்த ஞாபகமே இல்லை. ஆய்வு என்றால் ஊரில் எல்லோரும் முதல் நாளே தயாராகி, அந்த ஒரு நாள் மட்டும் கேள்விகளை வாய்விட்டுப் படித்துக் காட்டுவார்கள். ஆய்வாளரும் கணக்குப் பெட்டியைத் திறக்காமலே நன்று என்று எழுதிவிட்டுப் போவார். இந்த ஏற்பாடு எவ்வளவோ காலமாகச் சிக்கலில்லாமல் நடந்துவந்தது. அறிவிப்பையே படிக்காமல் விட்டவள் அந்த ஊர்ச் சரித்திரத்தில் இவள் ஒருத்திதான்.

ஆரோக்கியமேரி மோதிரத்தில் பெட்டியின் கம்பியைச் செருகினார். ஒரு நிமிடம் பார்த்தார். முகம் மாறியது. மறுபடியும் பார்த்தார்.

"கேள்விக்கும் பதிலுக்கும் நடுவுல சராசரி நாற்பத்தொரு மில்லி விநாடிம்மா. ஒரு விநாடியை ஆயிரமாப் பிரிச்சா அதுல நாற்பத்தொரு பங்கு. எழுத்தைக் கண்ணு பார்த்து மூளை புரிஞ்சுக்கவே அதைப்போல அஞ்சு மடங்கு நேரம் ஆகும். நீங்க எதையுமே படிக்கல."

"படிக்காம எப்படி மேடம்? அதான் அழுத்தறேனே?"

"நேத்து மத்தியானம் ரெண்டு மணி நேரம் தூங்கியிருக்கீங்க. குழந்தை முழிச்சிருந்திருக்கு. அந்த ரெண்டு மணி நேரத்துல முந்நூத்திப் பன்னெண்டு தடவை 'ஆகட்டும்' சொல்லியிருக்கீங்க."

பூங்கோதை தன் கட்டைவிரலையே பார்த்தாள். அதன் பாட்டுக்கு மடங்கி நிமிர்ந்தது, குழந்தை விக்கியது.

ஆரோக்கியமேரி கடுமையானவரே தவிர, கெட்டவர் அல்ல. உட்கார்ந்து பொறுமையாக விளக்கினார். மோதிரம் அதிர்வதும் விரல் மடங்குவதும் நாளுக்கு நாலாயிரம் முறை நடந்து நடந்து, முதுகுத்தண்டு பாடத்தைக் கற்றுக்கொண்டுவிட்டது. அதிர்வை உணரும் நரம்பு நேராகப் போய் விரலை மடக்கும் நரம்பைத் தட்டுகிறது. மூளைக்கு யாரும் சொல்வதில்லை. முதுகுப் பூட்டும் இதை மறிப்பதில்லை, ஏனென்றால் அதன் பட்டியலில் இருப்பவை நாற்பத்தேழு. இது நாற்பத்தெட்டாவது.

"அதாவது, உங்க பொண்ணோட நரம்பு உங்க கை வழியாத்தான் ஓடுது. அவளுக்கு விக்கல் வந்தா உங்க முதுகுத்தண்டு அனுப்பி வைக்குது. நடுவுல நீங்க இல்ல."

இதைக் கேட்டதும் பூங்கோதைக்கு ஏனோ கண் கலங்கியது. பிறந்து ஏழு மாதம் ஆகியும் தொப்புள்கொடி அறுபடவில்லை என்று யாரோ சொன்ன மாதிரி இருந்தது. ஆனால் ஆய்வாளர் அதைச் சொல்லவில்லை. அவர் சொன்னது வேறு.

"சட்டப்படி இது கவனக்குறைவு. குழந்தையை இசைவு இல்லத்துக்கு மாத்தணும். அங்க பயிற்சி எடுத்த பணியாளர்கள் இருக்காங்க. ஒவ்வொரு கேள்வியையும் படிச்சுத்தான் பதில் போடுவாங்க. ஆறு வயசு வரைக்கும்."

பூங்கோதை தொட்டிலுக்கு ஓடிப்போய்க் குழந்தையை வாரி எடுத்துக்கொண்டாள். "ஆறு வயசா? என்ன மேடம் பேசறீங்க? அவளுக்கு இன்னும் பல்லே முளைக்கல!"

பனிச்சுரங்கத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மாசிலாமணி ஒரு காலில் செருப்போடு வந்து நின்றான். விஷயத்தை முழுதும் கேட்டான். பிறகு, "மோதிரத்தை நான் போட்டுக்கலாமா? நான் படிச்சுத்தான் அழுத்துவேன்" என்றான்.

ஆரோக்கியமேரியின் முகம் மலர்ந்தது. அவனைச் சோதித்துப் பார்த்தார். சராசரி தொள்ளாயிரம் மில்லி விநாடி. பதினெட்டு வருட வேலையில் அப்படி ஒரு எண்ணை அவர் பார்த்ததில்லை. "ஒரு வாரம் பார்க்கலாம். தற்காலிக அனுமதி தர்றேன்" என்று சொல்லி, மோதிரத்தைக் கழற்றி அவன் விரலில் மாட்டிவிட்டுப் போனார்.

ஒரு வாரம் எங்கே? ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. கொட்டாவிக்கு அனுமதி வருவதற்குள் குழந்தை வாயைத் திறந்தபடியே காத்திருந்தாள். கண்ணுக்கு எதிரே துணி ஆடினால் இமை மூட நேரமாகி, மாலைக்குள் இரண்டு கண்ணும் சிவந்துவிட்டன. மாசிலாமணியைக் குறை சொல்ல முடியாது. வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு, வேர்த்து வழிய, கண்ணோர எழுத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் காலை கஞ்சி ஊட்டும்போது புரை ஏறியது. 'குழந்தை இருமலாமா?'

அவன் குழந்தையைப் பார்த்தான். புரை ஏறியிருக்கிறதா, சும்மா முகம் சுளிக்கிறாளா என்று பார்த்தான். அழுத்தினான். ஒரு இருமல் வந்தது, போதவில்லை. 'மீண்டும் இருமலாமா?' அவன் அதையும் படித்தான். குழந்தையின் முகம் சிவந்து, உதடு கறுத்துக்கொண்டு வந்தது.

"அழுத்துங்க! அய்யோ, அழுத்துங்களேன்!" பூங்கோதை கத்தினாள். மோதிரம் இல்லாத அவள் விரல் காற்றை அழுத்திக்கொண்டே இருந்தது.

மூன்றாவது இருமலில் கஞ்சி வெளியே வந்தது. குழந்தை வீறிட்டு அழுதாள். அழுகைக்கு அனுமதி தேவையில்லை. அதுவரைக்கும் நல்ல காலம். பூங்கோதை அவளை மார்போடு அணைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். மாசிலாமணி மோதிரத்தைக் கழற்றி அவள் விரலில் மாட்டினான்.

"நீயே வச்சுக்க, கோதை. படிச்சுப் படிச்சு நான் பிள்ளையக் கொன்னுருப்பேன்" என்றவன் குலுங்கிக் குலுங்கி அழுதான். அவ்வளவு பெரிய ஆள் அழுது அவள் பார்த்ததில்லை. குழந்தையை ஒரு கையிலும் அவன் தலையை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு, "சரி, சரி, ஒண்ணும் ஆகல" என்று இருவருக்கும் சேர்த்துச் சொன்னாள்.

அன்றே இசைவுத் துறைக்குப் போய் நடந்ததை நடந்தபடி சொன்னார்கள். ஆரோக்கியமேரி பெருமூச்சு விட்டார். இன்னும் ஒரே ஒரு வழி இருந்தது, மேல்முறையீடு. ஆனால் படிக்காமல் அழுத்திய குற்றத்துக்கு மேல்முறையீடு என்பதால் அதற்கு ஒரு நிபந்தனை. குடியேற்ற உடன்படிக்கையை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை உண்மையாகவே படிக்க வேண்டும். கண் எந்த வரியில் இருக்கிறது என்று கருவி பார்த்துக்கொண்டே இருக்கும். தாண்டினால் மறுபடி முதலிலிருந்து.

"எத்தனை பக்கம், மேடம்?"

"அறுநூத்திப் பன்னெண்டு. பதினஞ்சு நாள் அவகாசம். அதுவரைக்கும் குழந்தை உங்ககிட்டயே இருக்கலாம்."

அந்த உடன்படிக்கை எல்லோருக்கும் தெரிந்ததுதான். பதினெட்டு வயதானதும் வரிசையில் நின்று 'முழுவதும் படித்தேன், ஏற்கிறேன்' என்று அழுத்திவிட்டு வருவார்கள். எதையும் படிக்கும் மாசிலாமணிகூட அன்று இரண்டு பக்கம்தான் படித்தான். பின்னால் நின்றவர்கள், "யோவ், என்னய்யா தூங்கறியா?" என்று கூச்சல் போட்டதில் பயந்துபோய் அழுத்திவிட்டான்.

பூங்கோதை படிக்கத் தொடங்கினாள். மடியில் குழந்தை, முன்னால் திரை. அடேயப்பா, என்ன உடன்படிக்கை அது! ஆளுக்கு எத்தனை செருப்பு கொண்டுவரலாம் என்பதற்கு மூன்று பக்கம். புளி இருநூறு கிராமுக்கு மேல் கூடாது என்பதற்கு ஒரு பக்கம். கொட்டை எடுத்த புளியா எடுக்காத புளியா என்பதற்கு இன்னொரு பக்கம். கண் சொருகும்போதெல்லாம் கருவி கீச்சிட்டது. நான்கைந்து தடவை பக்கத்தின் அடியில் 'புரிந்தது' என்று தெரிந்ததுமே விரல் பாய்ந்துவிட்டது. அந்தப் பக்கத்தை மறுபடி மேலிருந்து படிக்க வேண்டியதாயிற்று. அவள் படிக்கும் நேரமெல்லாம் மாசிலாமணி துவைத்தான், சமைத்தான், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். பன்னிரண்டாம் நாள் பகலில் நானூற்று முப்பத்தேழாம் பக்கத்துக்கு வந்தாள். படித்தாள். மறுபடியும் படித்தாள். பிறகு மாசிலாமணியைக் கூப்பிட்டாள்.

"இங்க வாங்க. இதை நீங்க படிங்க. நிதானமா படிங்க."

அவன் படித்தான். 'முதுகுத்தண்டில் பொருத்தப்படும் இக்கருவி கட்டாயமன்று. விரும்புவோர் மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஆண்டுதோறும் புத்தாண்டு அன்று, "கருவி தொடரட்டுமா?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்கப்படும். இரண்டு விநாடிகள் விடை இல்லையெனில் கருவி நிரந்தரமாக நின்றுவிடும். இக்கேள்வியை எப்போது வேண்டுமானாலும் கேட்டுப் பெறலாம். குழந்தையின் பொருட்டு, ஏழாம் நாள் மோதிரம் பூண்டவரே விடையளிக்க வேண்டும்.'

"வருஷா வருஷம் கேக்குதே, அதுவா இது?" என்றான் மாசிலாமணி. "நான் அதைப் படிச்சிருக்கேன், கோதை. ஒவ்வொரு வருஷமும் படிச்சேன். தொடரலேன்னா உசுரு நின்னுடும்போலன்னு நெனச்சு, ஆகட்டும்னு போட்டேன்."

சிரிப்பதா அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. நூற்று நாற்பது புத்தாண்டுகள். ஒவ்வொன்றிலும் பூட்டே வந்து, நான் போகட்டுமா என்று மரியாதையாகக் கேட்டிருக்கிறது.

மிச்சப் பக்கங்களையும் படித்து முடித்துவிட்டு, குழந்தையோடு ஆரோக்கியமேரியின் அலுவலகத்துக்குப் போனார்கள். அவர் நானூற்று முப்பத்தேழாம் பக்கத்தை வரி வரியாகப் படித்தார்.

"மேடம், இதை நீங்க முன்னாடி படிச்சதில்லையா?" என்று கேட்டாள் பூங்கோதை.

"படிச்சேன்னு எழுதிக் கொடுத்துத்தான் இந்த வேலையில சேர்ந்தேன்" என்றார் ஆரோக்கியமேரி. கணக்குப் பெட்டியைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு, "கேள்வியை வரவழைக்கறேன். ரெண்டு விநாடி நீங்க சும்மா இருந்தா போதும். குழந்தைக்குப் பூட்டே இல்லேன்னா, அப்புறம் எந்தச் சட்டம் அவளை எடுத்துக்கிட்டுப் போகும்?" என்றார்.

பூங்கோதையின் கண்ணோரத்தில் எழுத்து தோன்றியது. 'குழந்தையின் கருவி தொடரட்டுமா?' மோதிரம் அதிர்ந்தது. விரல் அழுத்தியது.

'நன்றி. தொடரும்.'

"அய்யய்யோ, நான் அழுத்தலைங்க! அதுவா அழுத்திடுச்சு!"

"பரவால்ல, எத்தனை தடவை வேணும்னாலும் கேட்கலாம். இப்ப மனசைத் திடமா வச்சுக்குங்க."

மனசு திடமாகத்தான் இருந்தது. மனசைக் கேட்டால்தானே? இரண்டாவது முறையும் 'நன்றி. தொடரும்.' மூன்றாவது முறை பல்லைக் கடித்துக்கொண்டு, கையை விறைப்பாக நீட்டிப் பார்த்தாள். 'நன்றி. தொடரும்.' மோதிரத்தைக் கழற்றி வைத்தால் கேள்வியே வரவில்லை. பூங்கோதை தேம்பினாள். பெற்ற பிள்ளையை விடுவிக்க இரண்டே விநாடி சும்மா இருக்கத் தெரியாத ஒரு தாயா என்று தன் மேலேயே அவளுக்கு வெறுப்பாக இருந்தது.

மாசிலாமணி குழந்தையை ஆரோக்கியமேரியின் மடியில் வைத்தான். மனைவியின் எதிரே முட்டி போட்டு உட்கார்ந்து, அவளுடைய கட்டைவிரலைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்து மூடினான். தழும்பேறிய பத்து விரல்களும் அந்த ஒரு விரலைச் சுற்றிக்கொண்டன.

"நான் பிடிச்சுக்கறேன். நீ என்னைப் பாரு. கேளுங்க, மேடம்."

எழுத்து வந்தது. மோதிரம் அதிர்ந்தது. விரல் துள்ளியது, திமிறியது, முண்டியது. அவன் விடவில்லை. அவள் அவன் முகத்தையே பார்த்தாள். கல்யாணமான இத்தனை வருடத்தில் இரண்டு விநாடி முழுசாக அவனை அப்படிப் பார்த்திருக்கிறோமா என்று ஒரு நினைப்பு ஓடியது. எழுத்து மறைந்தது. மோதிரம் அடங்கிவிட்டது.

மூவரும் குழந்தையையே பார்த்தார்கள். இளவெயினி ஆய்வாளரின் சீருடைப் பொத்தானைப் பிடித்துச் சுவைத்துக்கொண்டிருந்தாள். திடீரென்று மூக்கைச் சுருக்கினாள். பச்சை எழுத்து வரவில்லை. யாரும் யாரையும் கேட்கவில்லை. ஒரு தும்மல், இரண்டாவது தும்மல், மூன்றாவது தும்மல்! இஸ்திரி போட்ட சீருடை முழுக்கக் கஞ்சி. மாசிலாமணி கடகடவென்று சிரித்தான். பூங்கோதையின் விரல் மட்டும் ஒவ்வொரு தும்மலுக்கும் அவன் கைக்குள் துள்ளியது.

தன் பங்குக்கு மாசிலாமணியும் அங்கேயே கேள்வியை வரவழைத்து, நிதானமாகப் படித்து, சும்மா இருந்தான். பிறகு பூங்கோதை தன் சொந்தக் கேள்வியை வரவழைக்க, அவளுடைய வலது கையையும் பிடித்துக்கொண்டான்.

ஆரோக்கியமேரி நேர்மையான மனுஷி. விஷயத்தை மூடி மறைக்கவில்லை. ஊர் மன்றத்துக்கு எழுதினார். மன்றமும் நியாயமாகவே நடந்துகொண்டது. முதுகுப் பூட்டு கட்டாயமில்லை என்று நான்கு பக்கத்தில் எளிய தமிழில் விளக்கம் தயாரித்து, அறுபத்தோராயிரம் பேருக்கும் அனுப்பியது. கீழே, 'படித்தேன்.' திங்கள்கிழமை நண்பகலில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அந்தக் கேள்வி போகும். வேண்டாதவர்கள் இரண்டு விநாடி பேசாமல் இருந்தால் போதும்.

செவ்வாய்க்கிழமை மாலை ஆரோக்கியமேரி அவர்கள் வீட்டுக்கு வந்தார். சீருடையில் வரவில்லை. தேநீர் கொடுத்ததும் இரண்டு வாய் குடித்துவிட்டுத்தான் பேசினார்.

"முடிவு வந்துடுச்சு. நீங்க ரெண்டு பேரும் போக, வேண்டாம்னு வந்தது ஒன்பது பேர். அந்த ஒன்பது பேருக்கும் கட்டைவிரல்ல கட்டுப் போட்டிருக்கு."

"மத்தவங்க?"

"நாற்பத்தொரு மில்லி விநாடி, நாற்பத்துமூணு, முப்பத்தொன்பது. ஊர் முழுக்க இதே கதை. உங்களைப் போய்க் கவனக்குறைவுன்னு எழுதினேனே, கோதை."

மாசிலாமணி யோசித்துவிட்டுச் சொன்னான். "எல்லாம் இந்தப் பூட்டு பண்ணின வேலை, மேடம். நாளைக்கு நாலாயிரம் தடவை கேட்டா யாருக்குத்தான் பழகாது?"

"நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்றார் ஆரோக்கியமேரி. "ஆனா பழைய ஆவணங்களைத் தோண்டிப் பார்த்தேன். முதல் கப்பல்ல வந்தாங்களே எண்ணூறு பேர், அவங்க பூமியில இருக்கும்போதே இந்த உடன்படிக்கையை ஏத்துக்கிட்டாங்க. அப்ப பூட்டும் கிடையாது, மோதிரமும் கிடையாது; பூட்டைப் பத்தின அந்த ஒரு பக்கம் பின்னால சேர்த்தது. கையில ஒரு சாதாரண ஃபோன். மீதி அறுநூத்திப் பதினோரு பக்கத்துக்கு அவங்க எடுத்துக்கிட்ட சராசரி நேரம் ஒண்ணேகால் விநாடி. அதுலயும் ஒரு விநாடி, கீழ உருட்டறதுக்கு."

அந்த எண்ணூறு பேரின் செருப்பை எடை போட்டார்கள், புளியை எடை போட்டார்கள். விரலில் ஏறி வந்த இதை மட்டும் எந்தத் தராசிலும் வைக்கவில்லை. நாற்பத்தெட்டாவது அனிச்சை செவ்வாயில் முளைத்தது அல்ல. அது பூமியிலிருந்து சீட்டு வாங்காமல் வந்த பயணி.

தரையில் தவழ்ந்துகொண்டிருந்த இளவெயினி, ஆறிய கஞ்சிக் கிண்ணத்தைக் கவிழ்த்து, அந்தச் சத்தத்துக்குத் தானே திடுக்கிட்டாள். பூங்கோதையின் விரல் வழக்கம்போல வெறுமனே மடங்கியது.

"நீங்க என்ன சொன்னீங்க, மேடம், நேத்து?" என்று மெதுவாகக் கேட்டாள் பூங்கோதை.

ஆரோக்கியமேரி தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார். "விளக்கத்தை எழுதினதே நான்தான். காலையிலேர்ந்து தயாரா உட்கார்ந்திருந்தேன். கேள்வி வந்தது. 'நன்றி. தொடரும்.' அப்புறம் நானே ஏழெட்டுத் தடவை வரவழைச்சுப் பார்த்தேன். ஒரு கையால இன்னொரு கையைப் பிடிச்சும் பார்த்தேன். பிடிக்கிற கையும் என் கைதானே, ஒத்துழைக்கல." அவர் சிரிக்க முயன்றார். "எனக்கு வீட்டுல யாரும் இல்லம்மா. ரெண்டு விநாடி பிடிச்சுக்கறியா?"

பூங்கோதை எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, நீட்டிய கட்டைவிரலைத் தன் இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டாள். ஆரோக்கியமேரி கேள்வியை வரவழைத்து, கண்ணோரத்தில் பார்த்து, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை படிப்பதைப் போல, ஒவ்வொரு எழுத்தாகச் சத்தம் போட்டுப் படித்தார். விரல் துள்ளியது. பூங்கோதை விடவில்லை.

இரண்டு விநாடி முடிந்தது. அதற்குப் பிறகும் அவள் விடவில்லை. ஆரோக்கியமேரியும் விடச் சொல்லவில்லை.